துடைத்தும் போகாத வளையங்கள்

தோல் சுரண்டும் வேலை பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அடுத்தவர் சொறிந்தால் நமக்கு அரிக்கும். உத்திரமேரூர் பக்கத்து ஆஸ்பத்திரி லேபில் பரிசோதனைக்காக நோயாளிகளின் தோலைச் சுரண்டி எடுப்பதுதான் எனக்குப் பிழைப்பு.

முதுகெல்லாம் காவி

திருப்புலிவனத்து முருகேசன் மலேசியாவில் காட்டு வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். முதுகு முழுக்க வளையத்துக்குள் வளையம், அதற்கு மேல் செங்காவி. அக்கி என்று நினைத்துக் குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். சுரண்டுவதற்கு முன்னால் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். காவி போயிற்று, வளையங்கள் போகவில்லை.

கைக்குழந்தையோடு வாசலில் நின்றிருந்த அவர் மனைவி கலா சொன்னார்: "இவரு அங்க இருக்கசொல்ல பொறந்த புள்ள சார். இன்னும் தொட்டுக்கூடப் பாக்கல. ஒட்டிக்கும்னு தூரத்துலயே நின்னுக்கினு கீறாரு."

எங்கேயோ இருக்க வேண்டியது

மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை இழைகள் தெளிவாகத் தெரிந்தன. இந்த வகைப் படர்தாமரையை எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாராம். பசிபிக் தீவுகளில் உண்டு, மலேசியக் காடுகளில் உண்டு, நம் நாட்டில் அங்கங்கே கொஞ்சம் உண்டு, இந்தப் பக்கம் ரொம்ப அபூர்வம் என்றார். மாத்திரையில் அடங்கும், ஆனால் கூடவே இருப்பவர்களுக்கு ஒட்டும். இனிமேல் காவி பூசக்கூடாது, குணமாகும்வரை குழந்தையைத் தூக்கக்கூடாது. முருகேசன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் கையைக் கழுவினேன். சந்தேகம் தீராமல் மறுபடியும் கழுவினேன்.

கலாதான் டாக்டரம்மாவிடம் கேட்டார்: "அம்மாந்தூரத்துல கீற நோவு, எங்க வூட்டுக்கு இன்னாத்துக்கும்மா வந்துச்சி?"

பிஞ்சுக் கால்

அடுத்த வாரம் கலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அதன் பாதத்தில் வட்டமாக ஒரு செம்புள்ளி. பின்னாலேயே முருகேசன், முகத்தில் ரத்தமே இல்லை. அந்தக் காலில் பிளேடு வைக்க வேண்டுமே என்று மனசே இல்லாமல் பிளேடை எடுத்து வைத்தேன். வழக்கம்போல முதலில் பஞ்சால் துடைத்தேன். புள்ளி முழுசாகப் பஞ்சோடு வந்துவிட்டது.

காவி! மனுஷன் அக்கி எழுதுவதை விடவே இல்லை. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. கலா மட்டும் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் இருந்த காவி குழந்தையின் காலுக்கு எப்படி வந்தது?

முருகேசன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தூங்கிக்கினு இருந்துச்சி சார். ஒரு வெரலுதான் வெச்சேன்."

அன்றிலிருந்து எனக்கு எங்கே அரித்தாலும் முதலில் பஞ்சால் துடைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பயப்பட ஆரம்பிக்கிறேன்.