ஆம்ப்ரோஸின் வக்கீல்

ரிமோட்டை நீட்டி டி.வி. தொடரைப் பாதியில் நிறுத்துகிறாள் லோர்னா பிக்கெட். திரையில் ஆம்ப்ரோஸ், வெராவின் கழுத்தில் பல் பதித்தபடி அப்படியே நிற்கிறான். "கடிச்சான்தான். நான் இல்லைங்கலையே! ஆனா கடிக்கும்போது அவன் கண்ணுல தண்ணி வந்துச்சு. அதை எவனாவது பாத்தீங்களா?" என்று கையிலிருக்கும் உருளைக்கிழங்கு வறுவலால் திரையைக் குத்திக் காட்டுகிறாள்.

"அழுதுக்கிட்டே கடிச்சா வலிக்காதாக்கும்?" என்கிறார் நெவில், ஓய்வுபெற்ற தபால்காரர்.

"நீ பேசாத. உனக்குப் பாதி வசனம் காதுலயே விழறதில்ல."

வியாழக்கிழமை மாலைகளில் புல்தரையில் பந்துருட்டி ஆடும் எங்கள் பௌல்ஸ் கிளப்பின் பின்னறை இவளுடைய கோர்ட்டு. வக்கீலும் இவளே, நீதிபதியும் இவளே. தொடரின் நாயகன் ஆம்ப்ரோஸ், அந்த ரத்தக்காட்டேரி, செய்யாத அக்கிரமம் பாக்கியில்லை. வெராவின் தோழியைக் கொன்றான், வெராவின் நினைவையே அழித்தான். எல்லாவற்றுக்கும் லோர்னாவிடம் ஒரு சமாதானம் உண்டு. "நினைவ ஏன் அழிச்சான்? அவ மனசு நோகக் கூடாதுன்னுதான்!" நாங்கள் மேசையைத் தட்டிச் சிரிப்போம்.

பகலில் அவளுக்குக் கடைத்தெரு இறைச்சிக் கடையில் வேலை. எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணில் சிவப்பு போகாது. "ரத்தத்தப் பத்தி எனக்கா சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டாளானால் வாதம் முடிந்தது என்று அர்த்தம். கிளப்பின் குலுக்கல் பரிசான இறைச்சித் தட்டை அவள்தான் கட்டிக்கொண்டு வருவாள். நெவிலுக்கு ஈரல் ஆகாது என்று தெரிந்தே அதைச் சாப்ஸுக்கு அடியில் ஒளித்து வைக்கிற குசும்பும் உண்டு. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வியாழக்கிழமை மட்டும் உதட்டுச் சாயம், ஆம்ப்ரோஸுக்காக. கிண்டல் செய்தால், "செத்தவன்தானே கண்ணு, யாருக்கு என்ன நஷ்டம்?" என்பாள்.

அழைக்காத வீட்டுக்குள் ஆம்ப்ரோஸால் நுழைய முடியாது என்பதில் அவளுக்கு ஏகப் பெருமை. "வான்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் வாசல் தாண்டுவான். எவ்வளவு மரியாதை தெரிஞ்சவன்!" எங்கள் கிளப்பிலும் அதே கதைதான். உறுப்பினர் அல்லாத உள்ளூர்க்காரன் வந்தால், உறுப்பினர் ஒருவர் வாசல் மேசைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே அழைத்துவர வேண்டும். லோர்னாவின் மகன் டேல் உறுப்பினர் அல்ல. வியாழன்தோறும் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போக வருவான். அவன் வண்டியைக் கண்டதும் இவள் ஓடிப்போய்க் கையெழுத்துப் போடுவாள். அவனோ பாரில் ஒரு பீரோடு உட்கார்ந்து சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பான். உள்ளே வேலை பார்ப்பவள் அவன் மனைவி பிரைடி. குளிர்காலம் தொடங்கும்போது அவனை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனவள். "இன்னும் எப்படிப் பாக்கிறான் பாரு, பாவம்" என்பாள் லோர்னா. நாங்களும் உச்சுக் கொட்டுவோம்.

அதற்கடுத்த வாரம் நல்ல மழை. தொடரில் ஆம்ப்ரோஸ் வெராவின் கார் சாவியை ஒளித்துவைத்துவிட்டு, அவள் ஜன்னலுக்கு எதிரே மரத்தடியில் விடிய விடிய நின்றான். லோர்னா நிறுத்தினாள். "பாத்துக்குங்க. தூக்கமில்லாம காவல் நிக்கிறான். இந்தக் காலத்துல எவன் நிப்பான்?"

"டேல் நிக்கிறான்."

தட்டுகளை எடுக்க வந்த பிரைடிதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. "அக்கா வீட்டுக்கு எதிர்ல, வண்டி விளக்க அணைச்சிட்டு. என் கார் சாவியும் காணோம். உங்க கடைக்கு வந்து சொன்னேன் லோர்னா. சாசேஜைப் பொட்டலம் கட்டிக்கிட்டே, 'உம்மேல உசிரையே வச்சிருக்கான் கண்ணு'ன்னீங்க."

"அவன் உன்ன அடிச்சதில்லையேம்மா..."

"இல்ல. அடிக்கல. நான் எங்க போனாலும் அங்க இருக்கான், அவ்வளவுதான். இந்த கிளப் ஒண்ணுதான் அவன் வர முடியாத இடம். வியாழக்கிழமை தவிர. வியாழக்கிழமை நீங்க உள்ள விடுறீங்க."

நெவில் காதுக் கருவியைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. அத்தனை வாரமும் உச்சுக் கொட்டியவர்கள் நாங்கள்தானே. லோர்னாவின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி முகமெல்லாம் பரவியது. ரிமோட்டைத் தேடினாள். அது கையிலேயே இருந்தது. "எம்புள்ளைய நான்..." என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. "வெக்கமா இருக்கு பிரைடி. உம்மூஞ்சியப் பாக்கவே வெக்கமா இருக்கு" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். பிரைடி தட்டுகளை அடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வண்டி விளக்கு ஜன்னலில் விழுந்தது. லோர்னா எழுந்தாள், இந்த முறை ஓடவில்லை. கோட்டை எடுக்கும் சாக்கில் நானும் பின்னால் போனேன். டேல் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தபடி வாசலில் நின்றான். தலைமுடியிலிருந்து மழைநீர் சொட்டியது. பார்க்க நல்ல பையன், அம்மாவின் அதே கண்கள்.

"என்னம்மா, இன்னிக்கு ஆடி அசைஞ்சு வர்ற? சீக்கிரம் கையெழுத்தப் போடும்மா, குளிருது."

லோர்னா வாசல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவனைப் பார்க்கவில்லை. பதிவேட்டின் மேல் கிடந்த பேனாவை எடுத்தாள். மூடியைப் போட்டு, தன் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.