ஐந்து வார்த்தைகளும் ஒரு குத்தும்

என் மூக்குத் தண்டு வலப்பக்கமாகக் கொஞ்சம் கோணியிருக்கும். கண்ணாடி முன்னால் நின்றால் முதலில் கண்ணில் படுவது அதுதான். யாராவது கேட்டால், சின்ன வயதில் கட்டுமரம் மோதியது என்று கதை விடுவேன். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி சொன்னால் நம்பிவிடுவார்கள். உண்மையில் அதை உடைத்தவர் சாரம் கட்டும் தொழிலாளி ஒருவர். ஷார்ஜா தொழிற்பேட்டைக்குப் பக்கத்து மருத்துவமனையில், பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் என் வேலையில் நடந்தது அது. வலது கையால் ஒரே குத்து. பக்கவாதத்தில் அவருடைய இடது கை விழுந்துபோயிருந்தது. அதுவும் நன்றாக இருந்திருந்தால் என் பற்களும் போயிருக்கும்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆள். தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் அவரைச் சாரக்காரர் என்றே கூப்பிட்டார்கள். வார்டுக்குக் கொண்டுவந்தபோது கழுத்தின் வலப்பக்கம் கன்றிக் கறுத்திருந்தது. பலமான அடியில் உள்ளே ரத்தக்குழாய் கிழிந்து, கட்டிய ரத்தம் மூளைக்குப் போய் அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். யார் அடித்தது என்று எப்போது கேட்டாலும் சாரக்காரர் ஒரே பதில்தான் சொன்னார்: "ஃபோர்மேன்தான் அடிச்சான் சிஸ்டர்." எதை வைத்து, எதற்காக அடித்தான் என்று கேட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். வேலையை மேற்பார்க்கும் அந்த ஃபோர்மேனும் அதே ஊர்ப்பக்கத்து ஆள். சாரக்காரர் படியில் தவறி விழுந்ததாக எழுதிக் கொடுத்திருந்தான். ஆரஞ்சுப் பழங்களோடு வந்து நின்று, "அவனுக்கு மூள கலங்கிப்போச்சு சிஸ்டர், என்னப் பாத்தாலே கத்துறான்" என்று என்னிடம் வருத்தப்பட்டுக்கொண்டான். கத்தத்தான் செய்தார். சாப்பாட்டுத் தட்டை வீசினார், அட்டெண்டரின் மணிக்கட்டைக் கடித்தார். செக்யூரிட்டி ஆட்கள் அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, நல்ல கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள்.

போலீஸ்காரர் வந்தார். இவருக்கு நினைவும் புத்தியும் தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் வாக்குமூலம் எடுக்க முடியும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைப் பார்க்க எங்களிடம் ஒரு சோதனைத் தாள் இருந்தது. என்னைக் கூப்பிடாமல் ஹிந்தி தெரிந்த ஒருவரை வைத்துக் கேட்டார்கள், அரைகுறை ஹிந்தியில் சாரக்காரர் படுமோசமாகத் தோற்றார். கம்பெனி அவரை ஊருக்கு ஏற்றிவிட டிக்கெட் எடுத்துவிட்டது. விமானம் கிளம்பிவிட்டால் அடித்தவன் அடித்ததுதான், கேட்க ஆள் இல்லை.

அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். காண்டாமிருகத்தின் படத்தைக் காட்டியிருக்கிறார்கள், பன்றி என்றிருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத மனிதரிடம் ஆங்கில எழுத்துகளை வாசித்து, இன்ன எழுத்து வரும்போது கையைத் தட்டு என்றிருக்கிறார்கள். இன்று என்ன கிழமை என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில், "லீவுக்கு மறுநாள்." தவறு என்று குறித்திருந்தார்கள். கேம்பில் எந்த ஆளும் கிழமையை அப்படித்தான் எண்ணுவான். அன்றைக்கு அது லீவுக்கு மறுநாளேதான்.

டாக்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். எகிப்துக்காரர், பொறுமைசாலி. "தமிழில் வேறு சோதனை செய்துகொள். ஆனால் நோய் இல்லாத ஆட்கள் அதில் தேறுகிறார்களா என்று முதலில் பார். இல்லாவிட்டால் நீ அவருக்கு விடை சொல்லிக் கொடுத்த மாதிரிதான்" என்றார். நியாயமான பேச்சு. காண்டாமிருகத்தைத் தூக்கிவிட்டு ஸ்பானர் படம் வைத்தேன். கடிகாரம் வரைவதற்குப் பதிலாகத் தீக்குச்சிகளை அடுக்கிச் சாரத்தின் ஒரு அடுக்கைக் கட்டிக் காட்ட வேண்டும். நினைவில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்ல ஐந்து வார்த்தைகள்: தண்ணி, பஸ், ரொட்டி, கயிறு, பைப். லீவு நாளில் வேறொரு கேம்புக்குப் போய், எழுதப் படிக்கத் தெரியாத சாரத்து ஆட்களிடம் கேட்டுப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்கள். தினமும் தோளில் சுமக்கும் சாரத்து இரும்புக் குழாய் ஆயிற்றே, பைப்பை யாருமே மறக்கவில்லை.

டாக்டர் பக்கத்தில் நிற்க, சாரக்காரரின் வலது கைக்கட்டை அவிழ்த்தேன். ஸ்பானர் என்றார். தீக்குச்சிகளை ஒற்றைக் கையால் அடுக்கி, குறுக்குக் கட்டை கூட மறக்காமல் போட்டார். எனக்கு மனது துள்ளியது. வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியாக "பைப்" என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன், விலகத்தான் நேரமில்லை. எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குள்ளேயே கேட்டது. தரையில் கிடந்தேன், வாயெல்லாம் ரத்தம். மேலே அவர் கட்டிலை உதைத்து, கம்பியில் தலையை மோதி, அலறிக்கொண்டிருந்தார். செக்யூரிட்டி ஒருவன் அவர் கன்னத்தில் அறைந்தான், இன்னொருவன் கையை முறுக்கிக் கட்டினான். டாக்டர் தாளை மூடப் போனார். நான் விடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்த ஐந்து நிமிடம் முடிந்தே தீர வேண்டும் என்றிருந்தது.

மூக்கில் துணியை அழுத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தேன். நேரம் ஆனதும் கேட்டேன்: "அண்ணே, அந்த அஞ்சு வார்த்த என்ன?"

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "தண்ணி. பஸ்ஸு. ரொட்டி. கயிறு." பிறகு அழ ஆரம்பித்தார். "இன்னொன்னு என்னத்துக்கு சிஸ்டர் கேக்குற? அதாலதான அடிச்சான். சாரத்த இறுக்குற கிளாம்ப் லூசா இருக்கு, மேல ஏற மாட்டேன்னேன். பின்னால வந்து கழுத்துலயே போட்டான்."

மொழிபெயர்த்துச் சொன்னேன். டாக்டர், நினைவும் புத்தியும் தெளிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்றும் எங்கள் வார்டில் தமிழ் ஆட்களுக்கு அந்தச் சோதனைதான். பைப்பை மட்டும் எடுத்துவிட்டுக் குடை என்று வைத்திருக்கிறேன். பாலைவனத்தில் குடையால் அடிபட்டவர் இதுவரை யாரும் வரவில்லை.

மறுநாள் போலீஸ்காரர், அடித்தவன் இவன்தானா என்று அடையாளம் காட்டச் சொல்ல, ஃபோர்மேனையும் கூட்டிக்கொண்டு வந்தார். வாக்குமூலம் என்பதால் சாரக்காரரின் கையைக் கட்டவில்லை. ஃபோர்மேன் குனிந்து, "என்னடா தம்பி, ஊருக்குப் போவணும்ல" என்றான். அடுத்த நொடி அவன் குரல்வளை சாரக்காரரின் பிடியில் இருந்தது. சாரத்தில் தொங்கிப் பழகிய கை. இரண்டு பேர் சேர்ந்து விரல்களைப் பிரித்தும் வரவில்லை. ஃபோர்மேனின் கண் பிதுங்கி, நாக்கு வெளியே வந்தது. கடைசியில் கை தானாகவே தளர்ந்தது. தரையில் சரிந்த ஃபோர்மேன் இருமிக்கொண்டே ஹிந்தியில் கத்தினான்: பாருங்கள், இவன் பைத்தியம்.

டாக்டர் என் காதருகே வந்து, புத்தி குழம்பியிருக்கிறது என்று சொன்னால் இவர்மேல் கேஸ் வராது என்றார். வராதுதான். ஆனால் அப்புறம் அவர் சொன்ன எதுவும் செல்லாது. சாரக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்குப் பைத்தியம் இல்ல சார்," என்றார் போலீஸ்காரரிடம், தமிழிலேயே. "தெரிஞ்சுதான் புடிச்சேன். கை ஓஞ்சு போச்சு, இல்லன்னா விட்டிருக்க மாட்டேன்." என் பக்கம் திரும்பினார். "அப்படியே சொல்லு சிஸ்டர். ஒண்ணும் கொறைக்காத."

நேற்று பைப்படி பற்றி அவர் சொன்னதையும் சேர்த்து, ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். போலீஸ்காரர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, சரியாகத்தான் சொல்கிறாயா என்று கேட்டார். மறுபடியும் சொன்னேன். பைப்பால் அடித்ததற்கு ஃபோர்மேன்மேல் ஒரு கேஸ், கழுத்தை நெரித்ததற்குச் சாரக்காரர்மேல் ஒரு கேஸ் என்று எழுதிக்கொண்டார். கைவிலங்கு எடுத்தார்கள். சாரக்காரர் தானாகவே கையை நீட்டினார்.

"இப்ப நான் சொன்னத எழுதிட்டாங்கல்ல சிஸ்டர்?" என்று கேட்டார்.