அசையாமல் நின்றவன்

கட்டுக்கதை சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், என்னோடு வேலை பார்த்த சர்வேயர் அக்காவுக்கு நடந்தது.

கடலோரச் செங்குத்துப் பாறையை ட்ரோனால் நூற்றுக்கணக்கில் படமெடுத்து, எல்லாவற்றையும் கணினியில் ஒட்டி, மண்ணும் மணலும் இறுகிக் கிடக்கும் அடுக்குகளை அளப்பது அவள் வேலை. படத்தில் அளவுகோல் ஒன்று நிற்க வேண்டும். அன்று அதை வீட்டிலேயே மறந்துவிட்டாள். கூடமாட உதவ வந்திருந்த தம்பி சரியாக ஆறடி. வீட்டில் அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்றே பெயர். பாறையடியில் அவனையே நிற்க வைத்தாள். அசைந்தால் கணினி படத்திலிருந்து ஆளையே அழித்துவிடும் என்று மிரட்டவும் செய்தாள். அவள் இருந்தது பாறை வளைவுக்கு அப்பால். திரையில்தான் தம்பி தெரிந்தான்.

மணி 3.10. முதல் படம்.

3.14. பாறைப் பக்கம் 'தொம்' என்று ஒரு சத்தம். திரையில் தம்பி நின்றுகொண்டிருந்தான். வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"டேய், ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லக்கா. நீ எடு."

போன உயிர் திரும்பி வந்தது. கடல் ஏறுவதற்குள் முடிக்க வேண்டுமே என்று வேலையைத் தொடர்ந்தாள்.

3.25. ட்ரோன் இடக்கோடிக்குப் போனது. தம்பி கேமராவையே பார்த்தான். வலக்கோடிக்கு வந்தது. அப்போதும் கேமராவைத்தான் பார்த்தான். தோள் திரும்பவில்லை... முகம் மட்டும். குரங்குச் சேட்டை என்று பல்லைக் கடித்தாள்.

"தலையத் திருப்பாதடா."

"நான் அசையவே இல்லக்கா."

3.48. ட்ரோனை அவன் தலைக்கு நேர் மேலே நிறுத்தினாள். உச்சந்தலை தெரிய வேண்டிய இடத்தில்... முகம்.

இமைக்கவில்லை.

ஓடினாள்.

வளைவைத் தாண்டினால் தம்பி இல்லை... கற்குவியல். வெளியே ஒரு கை.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"ஏன்க்கா வந்த? இன்னும் ரெண்டு படம் எடு."

கல் விழுந்ததுமே போயிருப்பான், அக்கா பயப்படக் கூடாதென்று ஆவியாக நின்றிருக்கிறான், பாசம் விடுமா என்று எல்லோரும் தேற்றினார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாலு வாய் சாப்பிட்டாள்.

ஐந்தாம் நாள், பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். கல்லுக்கு அடியில் அரை மணி நேரமாவது அவனுக்கு உயிர் இருந்திருக்கிறது. உயிரோடு இருந்தவனுக்கு ஏது ஆவி?

விரல் நகமெல்லாம் பிய்ந்திருந்ததாம். சத்தம் கேட்டவுடன் ஓடிப்போய்த் தோண்டியிருந்தால் பிழைத்திருப்பான்.