அக்கா ஓட்டிய என் சைக்கிள்

நம் இங்கிலீஷ் ஸ்பீக்கிங் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது விதி. ஜெயசீலி அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார் என்ற செய்தியும் ஆங்கிலத்தில்தான் வந்தது. நான் டியூட்டியில் இருந்தேன். யாரோ வழக்கம்போல நாலு வரி எழுதிப் பழகுகிறார்கள் என்று நினைத்து, சரியாகப் படிக்காமலே கட்டைவிரலை உயர்த்திவிட்டு ஊசி போடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஒருவர் தமிழில், "ஐயோ, எப்போ?" என்று கேட்டிருந்தார். கட்டைவிரலை எடுத்துவிட்டேன். அதற்குள் பார்த்தவர்கள் என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம்.

உங்களில் பலருக்கு அக்காவை வகுப்பில் மட்டும்தான் தெரியும். நானும் அவரும் ஒரே மருத்துவமனையில் நர்ஸ். ஊசி போடும்போது வலிக்காது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "வலிக்கும்பா. கொஞ்ச நேரம்தான். நான் இங்கதான் நின்னுக்கினு இருக்கேன்" என்பார். பயந்தவர்கள்கூட அதைக் கேட்டதும் கையை நீட்டிவிடுவார்கள்.

அந்த உண்மை பேசும் வாய்தான் வகுப்பில் வம்பாகிப் போனது. வெளிநாட்டு வேலைக்கான தேர்வில் சைக்கிள் பற்றிக் கேட்கலாம் என்றார் மாஸ்டர். சின்ன வயதில் ஓட்டினீர்களா, அதில் மறக்க முடியாத சம்பவம் எது என்று கேள்விகள். அக்கா, "எனக்கு ஓட்டத் தெரியாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். "உண்மையா பொய்யான்னு யாரும் பாக்க மாட்டாங்க சிஸ்டர். நிறுத்தாம பேசணும், அவ்ளோதான்."

"தெரியாதத தெரியும்னு எப்படிமா சொல்றது?" என்று என்னிடம் புலம்பினார். பாவமாக இருந்தது. என் கதையைக் கொடுத்தேன். பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளில், கருட சேவை முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் மாட வீதிக்குள் நுழைந்து, துப்பட்டா செயினில் சிக்கி, பூக்கூடை மேல் விழுந்த கதை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானே எழுந்து அழுதுகொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அக்கா அதைத் தன் கதையாக டீ நேரத்திலெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பழகினார். ஒருநாள் புதிதாக ஒரு பெண் கதைக்குள் வந்து, விழுந்தவளைத் தூக்கிவிட்டாள்.

"அக்கா, அப்படி யாரும் வரலையே!"

"வந்திருக்கணும்மா" என்றார்.

தேர்வு முடிந்து வந்தவரிடம், சைக்கிள் கேட்டார்களா என்றேன். "கேட்டாங்க. நல்லாவே ஓட்டினேன்மா" என்று சிரித்தார். பாஸும் செய்துவிட்டார். விசாவுக்குக் காத்திருந்தார்.

அடக்கத்துக்கு மறுவாரம் ஓரிக்கையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். வீடு தெரியாமல் தெருமுனையில் நின்ற என்னை அழைத்துப் போக அக்காவின் மகள் பிரின்சி வந்தாள். சைக்கிளில் வந்தாள்.

"கத்துக்கும்போது ரொம்ப பயம் ஆன்ட்டி. அம்மாவே கருட சேவை கூட்டத்துல விழுந்து எழுந்தவங்கதானேன்னு நெனச்சிக்கினு கத்துக்கிட்டேன்." பிறகு, "அன்னிக்கு அம்மாவைத் தூக்கிவிட்டது நீங்கதானாமே?" என்றாள்.

அக்கா வீட்டில் தமிழில் சொல்லிப் பார்த்ததை இவள் நிஜமென்று எடுத்துக்கொண்டாளா? பயிற்சிதான் என்று சொல்ல அக்கா மறந்தாரா, மகள் பயப்படுகிறாள் என்று வேண்டுமென்றே சொன்னாரா? ஊசி வலிக்காது என்று ஒரு பொய்கூடச் சொல்லாத மனுஷி! கதையில் தூக்கிவிட்ட அந்தப் பெண்ணுக்கு என் பெயரை ஏன் வைத்தார்? கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பிரின்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இல்லை என்று சொன்னால் அவள் அம்மாவை அந்தச் சைக்கிளிலிருந்து நான் இறக்கிவிட வேண்டும்.

"ஆமாம்மா, நான்தான் தூக்கினேன்" என்றேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான். இப்போது அந்த மாட வீதியை நினைத்தால் நான் தனியாக எழுந்திருப்பதில்லை. யாரோ என் கையைப் பிடித்துத் தூக்குகிறார்கள். "வலிக்கும்பா, கொஞ்ச நேரம்தான்" என்று அந்தக் குரல் சொல்கிறது.