அமுதவள்ளி தொட்டுப் பார்த்த வயர்

பேரு சின்னையா. கிள்ளான் பக்கம் பொண வேன் ஓட்டுறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சாவு வீட்டுல ஏடாகூடமா எதையாச்சும் பேசிடுவேன்னுதான் முதலாளி தம்புசாமி, "நீ வண்டிய விட்டு இறங்காதே"ன்னு சொல்லி வச்சிருக்காரு. அப்பேர்ப்பட்ட என் வாயையே ஒரு பொண்ணு அடைச்சுப் போட்டா. அவளப் பத்திச் சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் வராது.

போன டிசம்பர் மாசம், காப்பார்ல ஒரு தாமான் குடியிருப்பு வீடு. இறந்தவரு லோகன், துறைமுகத்துக்கு லோரி ஓட்டினவரு. சடங்கெல்லாம் முடிஞ்சு, வாய்க்கரிசி போட்டு, பெட்டிய வேன்ல ஏத்திப் பின்கதவையும் சாத்தியாச்சு. மின்சுடலையில மத்தியானத்துக்கு நேரம் வாங்கியிருந்தாங்க. நான் சாவியைத் திருப்பினேன். 'டக்'குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

திரும்பவும் திருப்பினேன். அதே டக். லைட்டு பளிச்சுன்னு எரியுது. ஹாரன் அடிச்சுப் பார்த்தேன், அலறுது. சாவு வீட்டு வாசல்ல ஹாரன் அடிச்ச என் புத்தியை என்னன்னு சொல்ல! எல்லாரும் என்னைத் திரும்பி முறைச்சாங்க. பக்கத்து வீட்டுக் காரைக் கொண்டாந்து பேட்டரிக்குப் பேட்டரி வயர் மாட்டிப் பார்த்தோம். ஒண்ணும் வேலைக்காவல. ஆட்டோ கியர் வண்டி, தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் வழியில்ல. தம்புசாமிக்குப் போன் போட்டா, இன்னொரு வேன் தெலுக் பங்லிமா காராங்ல வேற பொணம் எடுக்கப் போயிருக்காம். "எப்படியாவது சமாளிலா"ங்கிறாரு. என்னத்தச் சமாளிக்க?

வீட்டை விட்டு வெளியாக்கின பொணத்தைத் திரும்ப உள்ள கொண்டு போவக் கூடாது. வீட்டையும் கழுவி விட்டாச்சு. லோகன் அண்ணன் வெயில்ல, ரோட்டுல, என் வண்டிக்குள்ள கெடக்குறாரு. எனக்கு வேர்த்து ஊத்துது.

அப்பத்தான் பழனியப்பன் ஆரம்பிச்சாரு. இறந்தவரோட மச்சான், பெரிய மனுஷன். வண்டியச் சுத்திச் சூடம் காட்டினாரு, பூசணிக்கா உடைச்சாரு, டயருக்கு அடியில எலுமிச்சங்கா வச்சாரு. வண்டி அசையல. உடனே சத்தமா, "மச்சானுக்குப் போவ மனசில்ல. முப்பது தாண்டின பொண்ணைக் கரையேத்தாம எப்படிப் போவாரு?"ன்னாரு. பொம்பளைங்க 'ஆமா'ன்னு அழ ஆரம்பிச்சாங்க. அவரு வீட்டு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாரு: "அமுதா, இங்க வா. வர்ற தைக்குள்ள கல்யாணம் பண்ணிக்கிறேன்னு பெட்டி மேல கை வச்சுச் சத்தியம் பண்ணு. வண்டி தானா நகரும்."

லோகனோட ஒரே பொண்ணு அமுதவள்ளி. எழுந்து வந்தா. கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. அவ அம்மா கூட, "சொல்லிடுடி, அப்பா நிம்மதியாப் போவட்டும்"னு கையெடுத்துக் கும்பிடுறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா என் வண்டிதானே மக்கர் பண்ணுது, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேச?

அவ பின்கதவுப் பக்கம் போவல. நேரா எங்கிட்ட வந்தா.

"அண்ணே, சீட்டைத் தூக்குங்க."

"ஏம்மா?"

"தூக்குங்கண்ணே. நான் லோரி வயரிங் பண்றவ."

என் வண்டிக்கு முன் சீட்டுக்கு அடியிலதான் எஞ்சின், பக்கத்துலயே பேட்டரி. தூக்கினேன். துப்பட்டாவை இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டு உள்ள குனிஞ்சா. "சாவியைத் திருப்பி அப்படியே பிடிங்க"ன்னா. டக். தலையைச் சாய்ச்சுக் கேட்டா. "ஸ்டார்ட்டருக்கு நம்ம கூப்பிடுறது கேக்குது. சுத்துறதுக்குப் பலம்தான் வரல. இன்னும் ரெண்டு மூணு வாட்டி திருப்புங்க."

திருப்பினேன். அவ தடிச்ச வயருங்களை ஒவ்வொண்ணாக் கையால தடவிக்கிட்டே போறா. சிவப்பு வயர் முழுக்கத் தடவினா, ஒண்ணுமில்ல. கறுப்பு வயரைப் பேட்டரியில இருந்து புடிச்சுக்கிட்டே போயி, அது எஞ்சின் இரும்புல முறுக்கியிருக்கிற இடத்துக்குப் போனதும் வெடுக்குன்னு கையை எடுத்தா.

"சுடுது. தொட்டுப் பாருங்கண்ணே."

தொட்டேன். ஐயோ அப்பா! எஞ்சின் ஒரு சுத்து கூடச் சுத்தல, ஆனா அந்த ஒரு இடம் மட்டும் தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. இத்தனை வருஷமா அந்தச் சீட்டு மேலதான் குந்தியிருக்கேன், இப்படி ஒரு சங்கதி இருக்குன்னே எனக்குத் தெரியாது.

"கரண்டு போனா மட்டும் பத்தாதுண்ணே, பேட்டரிக்குத் திரும்பி வரணும். வர்ற வழி இங்க அடைச்சிருக்கு"ன்னு சொல்லி, ஸ்பேனரை வாங்கிப் போல்டைக் கழட்டினா.

உள்ள பார்த்தா சந்தனம்! காஞ்சு கல்லாட்டம் இருக்கு. அது மேல குங்குமம், அதுக்கு அடியில துரு. எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. ஆயுத பூஜைக்கு வண்டியக் கழுவினப்போ தம்புசாமி, "வெளிய வச்சா மழையில கரைஞ்சிடும், உள்ள வச்சாத்தான் நிக்கும்"னு சொல்லி போல்டு போல்டாக் கழட்டிச் சந்தனத்தை அப்பினாரு. அவரு அப்பிக்கிட்டே போவ, நான் பின்னாடியே முறுக்கிக்கிட்டு வந்தேன். ரெண்டு பேருக்கும் பக்தி தாங்கல. தலையில அடிச்சுக்கிட்டேன்.

அவ என் டூல் பெக்குல இருந்து அரத்தை எடுத்து, இரும்பு பளபளன்னு ஆவுறவரைக்கும் சுரண்டினா. அங்க அத்தனை பேரும் எட்டி எட்டிப் பார்க்கிறாங்க. அப்பா பின்னாடி பெட்டியில இருக்காரு, இவ கண்ணு அந்த இரும்பை விட்டு நகரல. சுரண்டின சந்தனத்தைக் கூட அவ கீழ கொட்டல. ஒரு வாழை இலைத் துண்டுல வச்சு, மாலைங்க பக்கத்துல வச்சா.

பழனியப்பன் விடல. "அப்போ சாமி காரியம்தான் குத்தமாம்மா?"

"சாமியை நான் குத்தம் சொல்லல மாமா. நீங்களும் அப்பாவைச் சொல்லாதீங்க."

மனுஷன் சூடத் தட்டைக் கீழ வச்சாரு.

வயரை முறுக்கிட்டு எங்கிட்ட, "இப்போ போடுங்க"ன்னா. திருப்பினேன். ஒரே சுத்துதான், எஞ்சின் புடிச்சிக்கிச்சு. அவ அம்மா 'என்னங்க'ன்னு கதறினாங்க.

அமுதா கையைக் கழுவிட்டுப் பொம்பளைங்க கூடப் போயி வாசல் கேட்டு ஓரமா நின்னுக்கிட்டா. அந்தக் குடும்பத்துல பொம்பளைங்க சுடலைக்கு வர்ற வழக்கமில்ல. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "வழியில வண்டி திரும்ப நின்னா எவன் பார்ப்பான்? இந்தப் பொண்ணு ஏறாம நான் கியரையே தொட மாட்டேன்"னு கத்திட்டேன். பழனியப்பன் என்னைப் பார்த்தாரு, ஓடிக்கிட்டிருக்கிற எஞ்சினைப் பார்த்தாரு. அப்புறம், "ஏறும்மா"ன்னாரு.

போற வழியில அவளே பேசினா. படிப்பு முடிச்சதும் பட்டறை வச்சிருந்த ஒரு சீனத் தவுக்கேகிட்ட லோரி வயரிங் வேலைக்குச் சேர்ந்தாளாம். வர்றவனெல்லாம் "மெக்கானிக் எங்கம்மா?"ன்னு கேப்பானாம். லோரிக்கு அடியில இருந்து தலையை நீட்டி, "நான்தான், சொல்லுங்க பாஸ்"ம்பாளாம். அப்பாவுக்கு முதல்ல புடிக்கல, பேசாமலே இருந்திருக்காரு. ஒரு நாள் துறைமுகத்துல அவரு லோரியே படுத்துக்கிச்சு. அன்னிக்குப் போயி எழுப்பி விட்டிருக்கா. அதுக்கப்புறம் அவரு வண்டிய வேற யாரும் தொடக் கூடாதாம்.

"ஆனா ஒண்ணுண்ணே. ரிப்பேர் பண்ணினதும் ஒரு வாட்டி அணைச்சிட்டுத் திரும்பப் போட்டாத்தான் எனக்கு மனசு ஆறும். அப்பா கேக்கவே மாட்டாரு. 'அதான் ஓடுதுல்லலா'ன்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருப்பாரு"ன்னு லேசா சிரிச்சா.

மின்சுடலையில பெட்டிய இறக்கி உள்ள கொண்டு போனாங்க. எல்லாம் முடியுறவரைக்கும் நான் எஞ்சினை அணைக்கல, பயம். அமுதா தனியா நடந்து வந்து முன் சீட்டுல ஏறிக் கதவைச் சாத்தினா.

"அணைச்சிட்டுத் திரும்பப் போடுங்கண்ணே."

அணைச்சேன். திருப்பினேன். சட்டுன்னு புடிச்சிக்கிச்சு.

கண்ணாடி வழியா சுடலைப் பக்கம் பார்த்து, "பாருங்கப்பா"ன்னா. சொல்லிட்டு டேஷ்போர்டு மேல தலையைச் சாய்ச்சு, அன்னிக்குக் காலையில இருந்து அடக்கி வச்சிருந்ததையெல்லாம் அழுதா. நானும் அழுதேன்.