இரண்டு முறை கட்டிய தவணை

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, ஜோகுபாளையத்து அக்கம்பக்கத்தாரே, அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுது என்றுதான் என்னிடம் சொன்னார்கள். நல்லதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் அதில் என் தப்பும் வரும். அதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

அக்கா பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில். சுரங்கத்தை மூடியபோது அப்பாவின் வேலையோடு அவருடைய தெம்பும் போயிற்று. அக்கா விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து கார்மெண்ட்ஸில் தைத்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரி முடித்தேன். பெற்றவர்கள் போனபிறகு நாங்கள் இருவரும் பெங்களூரில் ஜோகுபாளையத்துக்குக் குடிவந்தோம். கல்யாணப் பேச்சை எடுத்தால், "முதல்ல நீ ஒரு வேலையில உக்காருடா, அப்புறம் என்னைப் பாக்கலாம்" என்பார். நான் உட்கார்ந்தபோது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. முதுகுவலியால் தையலை விட்டுவிட்டு இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தார். தெருவில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. மாவு அக்கா என்றால் தெரியும்.

மாவு வைக்கப் பெரிய ஃபிரிட்ஜ் ஒன்று தேவைப்பட்டது. தீபாவளிக் கூட்டத்தில் ஒரு கடையில் தவணைக்கு எடுத்தார். பக்கத்து நாற்காலியில் ஹெப்பகோடியிலிருந்து வந்த செல்வி என்பவரும் அதே ஃபிரிட்ஜைத் தவணைக்கு வாங்க உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கார்மெண்ட்ஸ் வேலை என்றதும் இருவரும் பேச்சில் இறங்கி, ஃபோன் நம்பரும் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பாஸ்புக்கைப் பார்த்தால், அக்காவின் கணக்கிலிருந்து தவணையே எடுக்கப்படவில்லை. கடைக்குப் போய்க் கேட்டார்.

"தவணை கரெக்டா வருதேம்மா, அப்புறம் என்ன?" என்றார் கடையில் இருந்தவர்.

"என் கணக்குல எடுக்கலையே. அப்போ யார் கணக்குலேர்ந்து வருது?" என்று அக்கா விடவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டச் சொன்னார். அதிலிருந்த வங்கிக் கணக்கு எண் அவருடையது அல்ல. அக்காவுக்குப் பொறி தட்டியது. அங்கேயே நின்று செல்விக்கு ஃபோன் போட்டார்.

"மாசம் ரெண்டு தடவ புடிக்கிறாங்கக்கா. ஒண்ணு வட்டின்னு நெனச்சிட்டேன்" என்றார் செல்வி.

அன்றைய அவசரத்தில் கடையில் இரண்டு ஒப்பந்தங்களிலும் செல்வியின் கணக்கையே எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் அவர் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் சொன்னதை மறைக்க விரும்பவில்லை. "கடை பண்ண தப்புக்கு நீ ஏன்க்கா அல்லாடுற? அவங்களா கேக்கும்போது பாத்துக்கலாம், விடு" என்றேன்.

"ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு வாழச் சொல்றியா? உனக்கு இன்னும் பொண்டாட்டியே வரலடா" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "பொருள் நம்ம வீட்ல இருக்கு. கையெழுத்து நான் போட்டது. தப்பு அவங்களுது, தவணை என்னுது."

கீழ்வீட்டு டீச்சரம்மா கன்னடத்தில் எழுதிக் கொடுக்க, கடைக்கும் கடன் கொடுத்த கம்பெனிக்கும் தனித்தனியாகப் புகார் கொடுத்தார். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படி இறங்கமாட்டார். கடையில் "ஆகுத்தம்மா, ஆகுத்தே" என்று, இதோ ஆகிவிடும் இதோ ஆகிவிடும் எனச் சொல்லியே இழுத்தடித்தார்கள். அப்படி மொத்தம் ஏழு தவணைகள் செல்வியிடமே பிடிக்கப்பட்டன. அந்த ஏழு தவணைப் பணத்தையும் அக்கா தன் கையிலிருந்து செல்விக்கு அனுப்பினார். "அவ புள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டணும்டா, கடைக்காரன் கண் முழிக்கிற வரைக்கும் அவ என்ன பண்ணுவா?" என்பார். அந்தப் பணத்தைக் கம்பெனி கேட்கும்வரை தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும், இன்னொருவர் கையில் கொடுத்திருக்கக் கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் பிறகு சொன்னார்கள். அக்காவிடம் யார் போய்ச் சொல்வது?

கடைசியில் கம்பெனி தவறைத் திருத்தியது. செல்வியிடம் கூடுதலாகப் பிடித்த ஏழு தவணைகளையும் அவர் கணக்கிலேயே திருப்பிப் போட்டது. அக்காவிடம் அந்த ஏழு தவணைகளையும் ஒரே மூச்சில் கேட்டது, அதுவும் அபராதத்தோடு. அக்கா முத்திரை போட்ட நகல்களை மேஜைமேல் பரப்பி வைத்து, அபராதத்தை முழுவதுமாக நீக்கவைத்துவிட்டுத்தான் எழுந்தார். தவணைப் பணத்துக்கு வளையலை அடகு வைத்தார். ஆக, ஒரே தவணையை இரண்டு முறை கட்டியாயிற்று. ஒரு பங்கு செல்வியிடம் இருந்தது. செல்வியின் ஃபோனோ ஸ்விட்ச் ஆஃப்.

தினமும் மாவு விற்று முடித்ததும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்பார். பிறகு பாத்திரம் கழுவப் போய்விடுவார். ஒருநாள் மாவுக் குண்டானைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் முகம் தெளிந்திருந்தது. "செல்விக்கு ஒருதரம் போட்டுப் பாருடா" என்றார். போட்டேன். போகவில்லை. என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "ஏமாந்துட்டக்கா. அவ இனிமே வரமாட்டா" என்றேன்.

"வருவாடா" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை நான் காபி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. என்னைப் படிக்கவைத்த மனுஷிக்கு நான் கடைசியாகச் சொன்ன சொல் அது. இந்த ஓராண்டில் அதை நினைக்காமல் நான் தூங்கியதில்லை.

அக்காவை ஆட்டோவில் தூக்கி வைத்த வீட்டு ஓனருக்கும், ஆஸ்பத்திரி நர்சம்மாக்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு அனுப்பிய தெருவாருக்கும், டீச்சரம்மாவுக்கும் எங்கள் நன்றி. மீதித் தவணைகளைத் தேதி தவறாமல் நான் கட்டி வருகிறேன். அக்காவின் கையெழுத்துக்கு ஒரு குறையும் வராது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பதினோராம் நாள் மதியம், மாவு அக்கா வீடு எது என்று தெருமுனையில் கேட்டுக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். கையில் மஞ்சள் பை. நான் வாசலில் நின்றிருந்தேன்.

"நான் செல்விண்ணா, ஹெப்பகோடியிலேர்ந்து. ஃபோன் தண்ணியில விழுந்து போச்சு, அக்கா நம்பரும் அதோட போச்சு. நேத்து பாஸ்புக் போட்டப்பதான் பணம் திரும்பி வந்ததே தெரிஞ்சுது. லீவு சொல்லிட்டு ஓடியாந்தேன். அக்கா என்மேல கோச்சிக்கினாங்களா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் எனக்குப் பின்னால், உள்ளே மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்துவிட்டார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஏழு தவணைப் பணமும் இருந்த அந்தப் பையை என்னிடம் கொடுத்தார். அதைப் படத்தின் முன்னால் வைத்தேன். "வந்துட்டாங்கக்கா" என்றேன். இந்த ஓராண்டாக, தினமும் விளக்கேற்றும்போது அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.