உறை பிரிக்காத கல்யாணப் பரிசு

காந்திபுரத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ், லேமினேஷன் கடை இருக்கிறது. ரேஷன் கார்டு, மார்க் ஷீட், கல்யாணப் போட்டோ, சாமி படம் என்று எதையெல்லாமோ அந்த மெஷினுக்குள் விட்டு எடுத்திருக்கிறேன். ஒருமுறை ஒருவர் அரச இலை கொண்டுவந்தார், அதையும் செய்து கொடுத்தேன். ஆனால் அன்று காலை அந்தப் பெரியவர் மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்ததைப் பார்த்ததும் என் கை தானாகப் போய் மெஷின் சுவிட்சை அணைத்துவிட்டது.

பழைய வேட்டித் துண்டில் சுற்றியிருந்த அட்டை மடிப்பு ஒன்று. உள்ளே, ஓரம் ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள், காசுகள். நாணயச்சாலையிலிருந்து சேகரிப்பவர்களுக்கென்றே செட்டாகப் போட்டு விற்றவை. பெரிய வெள்ளிக் காசு, அதற்குப் பக்கத்தில் பத்து ரூபாய், கீழே ஓரம் வளைந்து வளைந்து இருக்கும் பத்துப் பைசா. உறை பிரிக்கப்படவே இல்லை.

"ஏனுங்க அம்மணி, இதை லேமினேசன் பண்ணிக் குடுங்க. ரெண்டு பக்கமும் நல்லாக் கெட்டியா இருக்கோணும்" என்றார்.

அவருக்குத் தெரியாது, இந்த மாதிரி செட்டுகளைத்தான் நான் இருபது வயதிலிருந்து தேடித் தேடிச் சேர்த்து வருகிறேன் என்று. என் அலமாரியில் பட்டுப்புடவைகள் இரண்டு தட்டில் நெருக்கிக்கொண்டு கிடக்க, மற்ற மூன்று தட்டுகளில் காசு செட்டுகள் காலை நீட்டிப் படுத்திருக்கும். ஒன்றையும் பிரித்ததில்லை. விரல் பட்டால் வியர்வை பிடிக்கும், சில வருடத்தில் கைரேகை கறுப்பாகத் தெரியும். வந்த அட்டை, வந்த உறை, வந்த சீட்டு மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் அது செட்டு. புதுச் செருப்பு வாங்கினால் நான் முதலில் எடுப்பது பெட்டிக்குள் கிடக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தைத்தான். அதெல்லாம் அலமாரிக்குப் போய்விடும்.

லேமினேஷன் மெஷினில் உருளை சூடாக இருக்கும், காசு உள்ளேயே போகாது, போனாலும் பழைய பிளாஸ்டிக் உருகிக் காசுமேல் ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்கு விளக்கினேன். அவர் விடுவதாக இல்லை. போன வாரம் தோட்டத்துக்கு யானை வந்ததாம். தொண்டாமுத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் தோட்டம். வாழையைத் தின்றுவிட்டுப் போகாமல், சாமான் அறைக் கதவைத் தள்ளி, அரிசி மூட்டையை இழுத்துப் போட்டிருக்கிறது. அதோடு டிரங்குப் பெட்டியும் கவிழ்ந்து, இந்த அட்டை சேற்றில் விழுந்து கிடந்ததாம். உறை இருந்ததால் காசு தப்பித்தது. இனி ஆனை மிதித்தாலும் ஒன்றும் ஆகக் கூடாது, அதற்குத்தான் லேமினேஷன் என்றார்.

நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். இந்த செட் எனக்குத் தெரியும். ஜனத்தொகை கூடிவிட்டது என்று அரசாங்கம் ஊரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்துகொண்டிருந்த காலத்தில் வந்தது. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று சின்னதாக ஒரு குடும்பம் அச்சடித்திருக்கும். அளவான குடும்பம், எல்லோருக்கும் உணவு என்று இங்கிலீஷிலும் இந்தியிலும் எழுதியிருக்கும். சந்தோஷத்தில் கொஞ்சம் சத்தமாகவே, இது குடும்பக் கட்டுப்பாட்டு செட்டுங்களே ஐயா என்று சொல்லிவிட்டேன். ஜெராக்ஸுக்கு நின்றிருந்த காலேஜ் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாப் பேசுங்க அம்மணி" என்று அவர் அட்டையை வேட்டித் துண்டால் மூடினார்.

அதைக் கொண்டுபோய் வேறு கடையில் கொடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் இரண்டு லேமினேஷன் கடை இருக்கிறது. இறுக்கமாக மூடும் கெட்டி பிளாஸ்டிக் டப்பா ஒன்று என்னிடம் இருக்கிறது, தண்ணீர்கூடப் போகாது, ஞாயிற்றுக்கிழமை நானே தோட்டத்துக்குக் கொண்டுவருகிறேன், அதுவரை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று கிட்டத்தட்டக் கெஞ்சினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, வருகிறதாக இருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு வரவேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பூசை முடிந்ததும் என் வீட்டுக்காரரின் பைக்கில் கிளம்பினோம். அவர் பவுண்டரியில் வார்ப்புக்கான மர அச்சு, பேட்டர்ன், செய்கிறவர். என் காசுகளைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கருத்துதான்: சாக்லேட் வாங்கிக் காகிதத்தோடு அலமாரியில் வைக்கிற ஒரே ஆள் நான்தான். வழி முழுக்க அதையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பேரூர் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. மலை கிட்டே வர வர அவரும் பேச்சை நிறுத்திவிட்டார்.

பெரியவர் தோட்டத்து வாசலிலேயே நின்றிருந்தார். யானை தள்ளிய கதவைக் காட்டினார். புதுக் கதவு போட்டாகிவிட்டது, பழைய கதவு மாட்டுக் கொட்டகைக்குத் தடுப்பாகப் போயிருந்தது. அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கொடுத்த அரிசிம்பருப்பு சாதத்தில் நெய்யைத்தான் முதலில் பார்த்தோம், சாதம் அதற்கு அடியில் இருந்தது. என் வீட்டுக்காரர் மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்ட பிறகு டப்பாவை எடுத்தேன். பெரியவர் செட்டைக் கொண்டுவந்தார். நான் துணியால் அட்டையைத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டைப் போட்டு, உள்ளே வைக்கப் போகிற நேரத்தில் அந்த அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க அம்மணி, எனக்கொண்ணு சொல்லுங்க. இதைப் பிரிச்சா கேஸ் போடுவாங்களா?"

எனக்குப் புரியவில்லை. யார் கேஸ் போடுவார்கள் என்று கேட்டேன்.

"கவர்மெண்டு. இது கவர்மெண்டு சீலு, பிரிச்சா போலீஸ் வந்துருமுன்னு இவரு கல்யாணம் ஆன மறுநாளே சொல்லிப்போட்டாரு. அன்னைக்கிருந்து ஒருக்காகூடத் தொட்டதில்லீங்க."

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்தார்.

கதை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அது அவர்கள் கல்யாணத்துக்கு வந்த பரிசு. மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவர் பம்பாயில் வேலையாக இருந்தார், காசில் குடும்பப் படம் போட்டிருக்கிறது, கல்யாணத்துக்குப் பொருத்தம் என்று வாங்கி அனுப்பிவிட்டார். இங்கிலீஷ் படித்த மாப்பிள்ளை எழுத்தைப் படித்ததும் ஆடிப்போனார். வீட்டில் அவர் அப்பா பேரப்பிள்ளைகளை எதிர்பார்த்துத் தொட்டில் கம்பு வெட்டி வைத்திருக்கிற சமயம். இது என்னவென்று அவருக்குத் தெரிந்தால் கூட்டாளியை ஊருக்குள்ளேயே விடமாட்டார். அதனால் டிரங்குப் பெட்டி அடியில் போட்டு, புதுப்பெண்டாட்டிக்கு போலீஸ் பயமும் காட்டிவிட்டார்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். அவளுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, அப்படியே இருக்கட்டும் என்று எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினார். ஜாடை முடிவதற்குள் அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"எனக்கு எப்பவோ தெரியுமுங்க. பெரிய பொண்ணு பள்ளிக்கூடம் போய் இங்கிலீசு படிச்சதும் அதுகிட்ட எடுத்துக் காட்டுனேன். அது எழுத்துக் கூட்டிப் படிச்சுச் சொல்றப்ப, அஞ்சாவது தொட்டில்ல கெடக்குது."

என் வீட்டுக்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். புரை ஏறி, பெரியவரே அவர் தலையைத் தட்டவேண்டியதாயிற்று. இத்தனை வருடமும் ஏன் சொல்லவில்லை என்று பெரியவர் மனைவியைக் கேட்டார். அவர் சங்கடப்படுவார் என்று விட்டுவிட்டேன், அவராகச் சொல்வார் என்று பார்த்தேன், இன்றைக்கு வரைக்கும் சொல்லக் காணோம் என்றார் அந்த அம்மா. அதில் கோபம் கொஞ்சமும் இல்லை. எத்தனையோ வருடம் தனியாக ரசித்த ஒன்றைப் பங்கு போட ஆள் கிடைத்த நிம்மதிதான் இருந்தது.

பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார். கேஸ் இல்லையென்றால் பிரித்துக் கொடுங்கள், ஒருமுறை கையில் வைத்துப் பார்க்கிறேன் என்றார். பெரியவர் பதறினார். யானையிடமிருந்து தப்பியதை உன்னிடம் கொடுக்கவா என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

உறையைப் பிரிக்க என்னால் முடியாது. அது அவர்கள் பொருள்தான், ஆனாலும் கத்தரிக்கோலை எடுத்து நீட்டுகிற பெண் நான் இல்லை. அதே சமயம், அந்த அம்மா கேட்டதில் தப்பே இல்லை என்பதும் தெரிந்தது. அவருக்கும் வந்த பரிசுதானே. ஒரு மாதம் பொறுங்கள், இதே காசுகளை உறையில்லாமல் நான் கொண்டுவந்து தருகிறேன், இது இப்படியே இருக்கட்டும் என்றேன். அந்த அம்மா யோசித்துவிட்டுச் சரி என்றார்.

எங்கள் ஊரில் காசு சேர்ப்பவர்கள் மாதம் ஒருமுறை ஒரு ஹாலில் கூடுவோம். அங்கே பேங்க்கில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் உதிரிக் காசு விற்பார். அவரிடம் நான் எதுவும் வாங்கியதில்லை. பிரித்த செட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவள் என்று எனக்கு அங்கே பெயர். அன்று நான் போய், இந்த செட் உதிரியாக, கைபட்டதாக, தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை என்று கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உடம்புக்கு ஏதாச்சும் சரியில்லீங்களா?" என்று கேட்டார். கேலியா நிஜமா என்று இன்றுவரை தெரியாது. பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லோரும் வந்து கூடிவிட்டார்கள். கதையைச் சொன்னேன். அந்தத் தொட்டில் இடம் வந்ததும் ஹாலே சிரித்தது. மூன்று காசும் மூன்று பேரிடமிருந்து கிடைத்தன. வெள்ளிக் காசில் யாரோ பவுடர் போட்டுத் தேய்த்த கீறல்கள் இருந்தன. என் அலமாரியில் அதற்கு இடமே கிடையாது. அன்று அதை ஏதோ பொக்கிஷம் போலக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தேன்.

மறுபடி தோட்டத்துக்குப் போனபோது அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். வெள்ளிக் காசை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். கன்னத்தில் வைத்து, குளிருதுங்க என்றார். கடப்பைக் கல் மேடைமேல் போட்டுச் சத்தம் கேட்டார், திரும்பவும் போட்டார். ஒவ்வொரு முறையும் நான் பிடிக்கக் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டேன். பத்துப் பைசாவின் ஓர வளைவுகளைக் கட்டை விரலால் தடவித் தடவி எண்ணினார். படத்தில் இருந்த குடும்பத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, இத்தனை பேர்தான் என்றால் அறுப்புக்கு ஆளுக்கு எங்கே போவார்களோ பாவம் என்றார். நான் அதுவரை எத்தனையோ செட்டுகளைப் பார்த்தும் ஒரு காசின் சத்தத்தைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கும் ஒருமுறை போட்டுக் காட்டச் சொன்னேன். கணீரென்றுதான் இருந்தது.

பெரியவர் இதையெல்லாம் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல வந்து, தானும் பார்ப்பதற்குக் கையை நீட்டினார். அந்த அம்மா மூன்று காசையும் சுருக்குப் பைக்குள் போட்டு இழுத்துக் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"உங்களுக்குத்தான் கவர் போட்டது இருக்குதல்லங்க, அதைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, எங்களுக்குக் காப்பி போட உள்ளே போனார்.